ஒட்டாத எண்கள்

எங்கள் வீட்டு அலமாரியில் 1984-ம் வருடத்து டைரி ஒன்று இருக்கிறது. புது வருடத்துக்கு யாரோ எனக்குக் கொடுத்தது. எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது என்பதால் என் மனைவி எடுத்துக்கொண்டாள். ஜனவரி ஒன்றில் ஆரம்பித்து டிசம்பர் முப்பத்தொன்று வரை பக்கத்துக்கு ஒரு கோலம். மொத்தம் 366. அது லீப் வருடம்.

கோலத்தின் தலைப்பில் பென்சிலால் சின்னதாக எழுதியிருப்பாள். ‘15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல் நிறுத்தவும்.’ ‘நேர்ப்புள்ளி, 15-1.’ சில பக்கங்களில் ‘ஒரே கம்பி’ என்று எழுதிக் கீழே கோடு போட்டிருப்பாள்.

கும்பகோணத்தில் முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அந்த டைரியை நான் முதன்முதலாகப் பிரித்துப் பார்த்தது 2019-ல், ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆன பிறகு. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

என் மனைவி 1972-ல் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினாள். தமிழில் நல்ல மார்க், சரித்திரத்தில் நல்ல மார்க், கணக்கில் 28. அன்றைக்கு ஒரு பாடம் போனால் பரீட்சையே போன மாதிரி. மறுபடி எழுத அவள் வீட்டில் விடவில்லை. எங்கள் ஊரில் பிறக்காவிட்டாலும் எங்கள் ஊர்ப் பிள்ளையாகவே நாங்கள் நினைக்கும் ராமானுஜன் கணக்கைத் தவிர மற்றதில் கவனம் இல்லாமல் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை என்று படித்திருப்பீர்கள். ‘நீ அவருக்கு நேர் எதிர்’ என்று கல்யாணமான புதிதில் அவளைக் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். அது வேடிக்கை என்றே பல வருடம் நினைத்திருந்தேன்.

வேடிக்கை இல்லாத ஒரு நாளும் உண்டு. 1990 வாக்கில் சாயங்காலம் வீட்டில் டியூஷன் எடுப்பேன். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், அவர்களோடு எங்கள் பெண்ணும். அன்று நடத்தியது மீச்சிறு பொது மடங்கு. நீங்களும் போட்டிருப்பீர்கள்: ஒரு கோயில் மணி 6 நிமிடத்துக்கு ஒரு தரம் அடிக்கும், இன்னொன்று 8 நிமிடத்துக்கு ஒரு தரம், இப்போது இரண்டும் சேர்ந்து அடித்தால் அடுத்து எப்போது சேர்ந்து அடிக்கும்? என் பெண் திணறிக்கொண்டிருந்தாள். காபி கொண்டுவந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, “ஏம்மா, உனக்குத் தெரியுமா?” என்றாள். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான், “அவளே இருபத்தெட்டு மார்க். அவகிட்டயா கேக்கறே?” என்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். என் பெண்ணும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு டியூஷன் நடக்கும்போது அவள் கூடத்துக்குள் வந்ததில்லை. காபி டம்ளரை நிலைப்படி ஓரமாக இருக்கும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் எழுந்து போய் எடுத்துக்கொள்வேன். ஏன் இப்படி என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. வகுப்பு கெடக்கூடாது என்ற மரியாதை போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

2019 மே மாதம் பேத்தி லீவுக்கு வந்தாள். அப்போது எட்டாவது முடித்திருந்தாள். மடிக்கணினியில் பைத்தான் என்ற கணினி மொழி கற்றுக்கொண்டிருந்தாள். அதில் ‘டர்ட்டில்’ என்று ஒரு பகுதி. திரையில் ஓர் ஆமை இருக்கும். ‘நூறு அடி முன்னே போ, தொண்ணூறு டிகிரி வலப்பக்கம் திரும்பு’ என்று நாலு தரம் சொன்னால் போகிற வழியெல்லாம் கோடு போட்டு ஒரு சதுரம் வரைந்துவிடும். குழந்தைகளுக்காக 1967-ல் அமெரிக்காவில் லோகோ என்று ஒரு மொழி உருவாக்கினார்கள். சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞர் அதில் முக்கியமானவர். இந்த ஆமை அந்த வழியில் வந்தது.

“ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு சொல்லுவாங்க” என்று என் மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

சதுரம், முக்கோணம், நட்சத்திரம் எல்லாம் போட்டு முடித்ததும் பேத்தி, “பாட்டி வாசல்ல போடற கோலம் வருமா தாத்தா?” என்று கேட்டாள். பாட்டி அப்போது வாசலில் கோலம் போடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. முழங்கால் தேய்மானம். குனிந்தால் நிமிர முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. கடையில் வாங்கிய ஸ்டிக்கர் ஒன்றை வாசற்படியில் ஒட்டியிருந்தோம். பேத்திக்குப் பாட்டி கோலம் நினைவில்தான் இருந்தது. அதைக் காட்டத்தான் அந்த டைரியை எடுத்தேன்.

பிரித்ததும் எனக்கு முதலில் பட்டது ‘நேர்ப்புள்ளி, 15-1’. நடுவரிசையில் 15 புள்ளி, மேலும் கீழும் 13, 11, 9 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1-ல் முடியும். மொத்தம் எத்தனை புள்ளி? கை பழக்கத்தில் கூட்டிவிட்டது. உச்சியிலிருந்து நடுவரிசை வரை 1+3+5 என்று 15 வரை கூட்டினால் 64. நடுவரிசைக்குக் கீழே 13-லிருந்து 1 வரை 49. எட்டின் வர்க்கமும் ஏழின் வர்க்கமும். ஒற்றை எண்களை வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் வரும் என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன்! வாசலில் அது புள்ளியாகக் கிடந்திருக்கிறது. நான் அதை மிதிக்காமல் தாண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

சிக்குக் கோலத்தில் ஆகச் சுலபமானதை ஆமைக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். செவ்வகமாகப் புள்ளி வைத்து, நடுவில் எந்தத் தடுப்பும் இல்லாமல், புள்ளிகளுக்கு இடையே சாய்வாக ஓடி, ஓரம் வந்ததும் வளைந்து திரும்பும் கோலம். கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கரைச் சாய்வாக அடித்தால் சட்டத்தில் பட்டுத் திரும்புமே, அதேதான். ஆமைக்கு மூன்று விதி எழுதினேன். நேரே போ. ஓரம் வந்தால் திரும்பு. புறப்பட்ட இடத்துக்கு வந்தால் நில்.

3-க்கு 4 புள்ளியில் ஓட விட்டேன். ஆமை பாதி வழியில் நின்றுவிட்டது. “பக் இருக்கு தாத்தா” என்றாள் பேத்தி. அவளுக்கும் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

விடியற்காலையில் என் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா தமிழ்ப் புலவர். நான் கணக்கு எடுத்துப் படித்ததில் அவருக்கு வருத்தம் உண்டு. சின்ன வயதில் தண்டியலங்காரம் சொல்லும்போது நாகபந்தம் வரைந்து காட்டுவார். பின்னிக் கிடக்கும் பாம்புகளின் உடல் நெடுகப் பாட்டின் எழுத்துகளை எழுதுவார்கள். உடல்கள் குறுக்கிடும் இடத்தில் ஒரே ஓர் எழுத்துதான் இருக்கும். “எழுத்து ஒண்ணுதான்டா. இந்தப் பக்கமா வரும்போது ஒரு சொல்லுக்கு. அந்தப் பக்கமா வரும்போது வேற சொல்லுக்கு. ரெண்டு தரம் படிக்கணும்” என்பார்.

படுக்கையிலிருந்து எழுந்து விளக்கைப் போட்டேன். என் ஆமை புறப்பட்டது இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்திலிருந்து. அந்த இடத்தை அது இரண்டு தரம் கடக்க வேண்டும். நானோ முதல் தரம் வந்ததுமே நில் என்று சொல்லியிருக்கிறேன். ‘புறப்பட்ட இடத்துக்கு, புறப்பட்ட திசையிலேயே வந்தால் நில்’ என்று திருத்தினேன். 3-க்கு 4 முழுசாக வந்து மூடிக்கொண்டது. அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். கணக்கு வாத்தியாருக்கு இலக்கணம் கைகொடுத்தது என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

அந்த உற்சாகத்தில் பெரிதாகப் போடலாம் என்று 4-க்கு 6 வைத்தேன். மறுபடியும் வினை. ஆமை ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே, புறப்பட்ட திசையிலேயே வந்து நின்றது. ஆனால் பாதிக் கோலம்தான் வந்திருந்தது. இரண்டு நாள் ஒவ்வொரு வரியாகத் தேடினேன். தப்பு எதுவும் அகப்படவில்லை.

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி திரையை எட்டிப் பார்த்தாள். “நாலுக்கு ஆறா? அது ஒரே கம்பில அடங்காதுங்க. ரெண்டு கம்பி வரும். நாலுக்கு அஞ்சு வச்சுப் பாருங்க, அடங்கும்.”

வைத்துப் பார்த்தேன். அடங்கியது.

“மூணுக்கு ஆறு?”

“மூணு கம்பி.”

“அஞ்சுக்கு ஏழு?”

“ஒரு கம்பி.”

“ஆறுக்கு ஒன்பது?”

கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “மூணு” என்றாள்.

ஒவ்வொன்றாக ஆமையை ஓட விட்டுச் சரி பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். “எங்க பாட்டி சொல்லுவாங்க. ரெண்டும் ஒட்டாத எண்ணா இருக்கணும். ஒட்டுச்சுன்னா, எத்தனையால ஒட்டுதோ அத்தனை கம்பி. இது எல்லாருக்கும் தெரியுமே” என்றாள்.

ஒட்டாத எண். பாடப்புத்தகத்தில் இதற்கு சார்பகா எண்கள் என்று பெயர். 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத இரண்டு எண்கள். ‘எத்தனையால ஒட்டுதோ’ என்று அவள் சொன்னது மீப்பெரு பொது வகுத்தி. மாணவர்களுக்கு இந்தச் சொற்களைப் புரிய வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ‘ஒட்டாத எண்’ என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தால் முப்பத்தைந்து வருடமும் அப்படியே சொல்லிக் கொடுத்திருப்பேன்.

அது ஏன் அப்படி வருகிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். கோடு பக்கவாட்டில் ஒரு சுற்றுப் போய்த் திரும்ப ஓர் அளவு, மேலும் கீழும் போய்த் திரும்ப இன்னோர் அளவு. இரண்டும் ஒரே சமயத்தில் முடிந்தால்தான் கோடு புறப்பட்ட இடத்தில் மூடிக்கொள்ளும். கோயில் மணிக் கணக்கேதான்! 4-க்கும் 6-க்கும் மீச்சிறு பொது மடங்கு 12. கோலத்தில் மொத்தம் 24 புள்ளி. ஒரு கம்பி 12 புள்ளிக்கு உண்டான தூரம் ஓடி முடிந்துவிடுகிறது. மீதி 12-க்கு இன்னொரு கம்பி வேண்டும். ஆக இரண்டு. இரு எண்களின் பெருக்கற்பலன், அவற்றின் மீ.பொ.வ.வையும் மீ.பொ.ம.வையும் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்று வருடா வருடம் மனப்பாடம் செய்ய வைத்த சூத்திரம், இப்போது திரையில் ஓர் ஆமையாக நடந்துகொண்டிருந்தது.

இதை வேறு யாராவது யோசித்திருக்கிறார்களா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைப் பற்றிக் கணினி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். கல்வெட்டு, பழந்தமிழ் எழுத்து, திருக்குறள் என்று எல்லாவற்றிலும் ஈடுபாடு கொண்டவர். ஒரு மொழியில் சொற்கள் எந்த விதிப்படி சேர்ந்து வாக்கியமாகின்றனவோ, அது போலச் சின்னச் சின்ன வடிவங்கள் எந்த விதிப்படி சேர்ந்து கோலமாகின்றன என்று பார்த்தார்கள். அந்த விதிகளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிராமர்’. அதாவது இலக்கணம்! அப்பாவின் சொல். செடிகளின் வளர்ச்சியைக் கணினியில் வரைய முயன்ற பிருசின்கியவிச் என்ற அறிஞரும் 1980-களில் கோலங்களை எடுத்துக்கொண்டார். செடியின் கிளை பிரிவதை எழுதிய அதே மாதிரி விதிகளில் கோலமும் வந்தது. ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டில் சோக்வே என்ற மக்கள் மணலில் புள்ளி வைத்து இதே போலக் கோடு இழைப்பார்கள். சோனா என்று பெயர். மீ.பொ.வ. விதி அதிலும் உண்டு. அங்கே வரைபவர்கள் ஆண்கள்; கதை சொல்லிக்கொண்டே வரைவார்கள்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாக என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். “ஆம்பளைங்களா?” என்று அது ஒன்றுக்கு மட்டும் ஆச்சரியப்பட்டாள்.

பேத்தி ஊருக்குப் போன பிறகு ஒரு நாள் சாயங்காலம், கூடத்தில் இருவர் மட்டும் இருந்தோம். கேட்டுவிட வேண்டும் என்று பல நாளாக மனதில் இருந்தது.

“அன்னிக்கு டியூஷன்ல உன் பொண்ணு ஒரு கணக்கு கேட்டாளே. நீ என்னமோ சொல்ல வந்தே. நான் நடுவுல பேசிட்டேன். என்ன சொல்ல வந்தே?”

எந்த அன்னிக்கு என்று அவள் கேட்கவில்லை. “இருபத்தி நாலு நிமிஷம்” என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே, “ஆறும் எட்டும் ரெண்டால ஒட்டும். நாப்பத்தெட்டுல பாதி. அவ்வளவுதானே” என்றாள்.

“தப்புப் பண்ணிட்டேன்” என்றேன். இந்தச் சொல்லை நான் வகுப்பில் சொன்னதில்லை, வீட்டிலும் சொன்னதில்லை. “உனக்குக் கணக்கு வராதுன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது.”

“கணக்கு வரும். அந்தப் பரீட்சைல கேட்ட கேள்விதான் வரலை” என்றாள். பிறகு எழுந்து விளக்கேற்றப் போய்விட்டாள். கோபமா, இல்லையா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. முப்பது வருடம் ஒரு விடையைச் சொல்லாமல் வைத்திருந்தவளிடம் ஒரு சாயங்காலத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வருடம் மார்கழி முதல் தேதி ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். வாசல் தெளித்து, அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். அவள் சொல்லச் சொல்ல நான் புள்ளி வைத்தேன். 5-க்கு 7. எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு நின்று, “என்ன சார், புது உத்தியோகமா?” என்றார். “அங்கோலாவுல ஆம்பளைங்கதான் போடறாங்களாம்” என்று நான் சொல்வதற்கு முன்பே என் மனைவி சொன்னாள்.

மாவு விரலிடுக்கில் ஒரே சீராக இறங்க எனக்கு நாலைந்து நாள் ஆயிற்று. இன்றும் என் கோடு சில இடத்தில் தடிக்கும், சில இடத்தில் விட்டுப்போகும். ஆமை போடுவது போல நேர்த்தி வராது. டைரியில் ஜனவரியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஊடுபுள்ளிக் கோலங்களை ஆமைக்குச் சொல்லிக் கொடுக்கும் வித்தை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவளைக் கேட்டால், “கையில போட்டுப் பாருங்க, தானா வரும்” என்கிறாள்.

படிக்கும் நண்பர்கள் ஒரு தாளில் 3-க்கு 5 புள்ளி வைத்து, பென்சிலை எடுக்காமல் சாய்வாக இழைத்துப் பாருங்கள். பிறகு 4-க்கு 6 போட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் வீட்டில் கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும் வரை நடுவில் பேசாமல் இருங்கள்.